கறையானுக்குப் பொன்னாடை

ஒரு காட்டில் ஓர் ஆய்விதழ் வெளிவந்துகொண்டிருந்தது. காடு என்றால் சிங்கம் இருக்கும், புலி இருக்கும், ஆய்விதழ் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சிங்கமும் இருந்தது. அதற்குக் கட்டுரை எழுத வராது. ஆகவே இந்தக் கதையில் அதற்கு வேலையும் இல்லை.

ஆய்விதழின் பெயர் 'இலுப்பை நிழல்'. காட்டின் நடுவில் நின்ற பெரிய இலுப்பை மரத்தடியில் அலுவலகம் இருந்ததால் அந்தப் பெயர். அதில் வந்தால் உண்மை, வராவிட்டால் வதந்தி என்பது அந்தக் காட்டின் வழக்கம். ஆற்றுத் தண்ணீர் நனைக்கும் என்று அதில் கட்டுரை வரும்வரை எருமைகளெல்லாம் இறங்காமல் கரையிலேயே நின்றன என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த எருமைகளை எனக்குத் தெரியும், நின்றிருக்கும்.

இதழாசிரியர் ஓர் உடும்பு. மரத்தின் அடிப்பொந்துதான் அவருக்கு வீடும் அலுவலகமும். ஒரு விதியைப் பிடித்தாரென்றால் லேசில் விடமாட்டார். நெறிமுறை என்றால் அவருக்கு உயிர். பொந்து வாசலிலேயே ஒரு பலகை மாட்டியிருந்தார்: 'இவ்விதழின் ஆசிரியருக்கு முட்டை பிடிக்கும். நலமுரண் விதிப்படி இது அறிவிக்கப்படுகிறது.' நலமுரண் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்பவருக்கு அந்த வழக்கில் சொந்தமாக ஓர் ஆசை இருப்பது. ஆசை இருக்கலாம், மறைக்கக் கூடாது, ஊரறிய எழுதிப் போட்டுவிட வேண்டும் என்பது விதி. எழுதிப் போட்ட பிறகு உடும்பாரை யாரும் குறை சொன்னதில்லை. காட்டில் முட்டைகள் குறைந்துகொண்டுதான் இருந்தன.

அதே மரத்தின் உச்சிப் பொந்தில் ஒரு மரங்கொத்தித் தம்பதி குடியிருந்தது. கணவன் கொண்டையன். மனைவி பொன்முதுகாள். அவள் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். கீழே அப்படி ஒரு பலகை இருந்ததால், கணவன் வந்து உட்காராமல் அவள் கூட்டைவிட்டு அசைவதில்லை.

ஒருநாள் காலை கொண்டையன் வழக்கம்போல மரத்தைக் கொத்தினான். 'டக்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'தொம்' என்று கேட்டது. கொஞ்சம் தள்ளிக் கொத்தினான், அங்கேயும் தொம். சுற்றிச் சுற்றி வந்து கொத்திப் பார்த்தான். தெற்குப் பக்கம் கொஞ்சம் தவிர மரம் முழுக்கத் தொம். பட்டையைப் பெயர்த்து உள்ளே எட்டிப் பார்த்தால், கறையான். தெருவும் சந்தும் மாடியுமாக உள்ளே ஒரு நகரமே நடந்துகொண்டிருந்தது. அலகுக்கு எட்டியவரை கொத்தித் தின்றான். அவன் ஒன்றைத் தின்பதற்குள் உள்ளே நூறு பிறந்தது. ஆடிக்காற்று வேறு வரப்போகிறது. ஒரு நல்ல காற்று அடித்தால் மரம் சாயும், முட்டைகள் நொறுங்கும்.

கறையானை ராணியோடு சேர்த்துத் தின்று தீர்க்கக் கூடியவர் அந்தக் காட்டில் ஒருவர்தான் இருந்தார். அவர் அழுங்கு. உடம்பெல்லாம் ஓடு வேய்ந்த மாதிரி செதில், வாய்க்குள் அடங்காத நாக்கு. எறும்புத்தின்னி என்றும் அவரைச் சொல்வார்கள். கொண்டையன் போனபோது அவர் புதருக்கடியில் சுருண்டு கிடந்தார். ரொம்பவும் மெலிந்திருந்தார்.

"அண்ணே, நம்ம இலுப்பை மரம் பூராக் கறையான். வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

அழுங்கின் நாக்கு தானாக வெளியே வந்தது. அவர் அதைக் கையால் உள்ளே தள்ளினார்.

"ஆதாரம் இருக்கா தம்பி?"

"என் கண்ணால பார்த்தேன்ணே."

"கண்ணால பார்த்ததெல்லாம் செல்லாது. ஆய்விதழ்ல வந்திருக்கா?"

கொண்டையன் இல்லை என்று தலையாட்டினான். அழுங்கு பெருமூச்சு விட்டார்.

"போன வருஷம் ஒரு புத்தைத் தின்னுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது விதை நடுற எறும்பாம். காட்டுக்கே நல்லது பண்ற எறும்பு. உடும்பார் நெறிமுறைக் குழுவைக் கூட்டி என்னை நடுவுல நிக்க வெச்சுட்டாரு. அன்னிக்குச் சத்தியம் பண்ணேன். கெடுதல் செய்யுதுன்னு இலுப்பை நிழல்ல வராத எதையும் நாக்கால தொட மாட்டேன்னு."

"அப்போ இத்தனை நாளா என்ன சாப்பிடுறீங்க?"

"பழைய இதழ்களைப் படிச்சுட்டு இருக்கேன்," என்றார் அழுங்கு.

கொண்டையன் அங்கிருந்து நேராக உடும்பாரிடம் பறந்தான். "ஐயா, நீங்க குடியிருக்கிற இந்த மரம் விழப்போகுது. உள்ள பூரா வெறும் கூடு."

"வாயால சொல்றதையெல்லாம் நாங்க எடுத்துக்கிறதில்ல தம்பி. கட்டுரையா எழுதிக் குடுங்க. சுருக்கம், ஆய்வு முறை, முடிவு, துணைநூல் எல்லாம் வேணும்."

"மரம் விழுந்தா நீங்களும் அடியில மாட்டிச் செத்துப்போவீங்க ஐயா."

உடும்பார் முகம் இறுகியது. "அப்படியா? அப்போ இந்த விஷயத்துல எனக்கு நலமுரண் இருக்கு. உசுரோட இருக்கணும்னு எனக்கு ஆசை. அந்த ஆசையை மனசுல வெச்சுக்கிட்டு உங்க கட்டுரைக்கு ஆதரவா ஒரு வார்த்தை பேசினாலும் அநியாயமாயிடும். நான் விலகிக்கிறேன். முடிவு பூரா மதிப்பீட்டாளருங்க கையில."

கொண்டையன் கிளம்பப் போனான். உடும்பார் கூப்பிட்டார்.

"இன்னொண்ணு. கறையானைக் கொத்தித் தின்னீங்களாமே? ஆய்வுப் பொருளை ஆய்வாளரே தின்னக் கூடாது. தரவு கெட்டுப்போயிடும்."

அன்றிலிருந்து கொண்டையன் அதையும் நிறுத்தினான். கறையானுக்கு அதுவரை இருந்த ஒரே தொல்லையும் ஒழிந்தது.

கொண்டையன் ஒரு நல்ல மரப்பட்டையை எடுத்துக் கட்டுரையைக் கொத்தி முடித்தான். தலைப்பு, 'இலுப்பை மரத்தைக் கறையான் தின்கிறது: மரம் விழும்'. இதைவிடத் தெளிவாக ஒரு தலைப்பை நான் எந்த ஆய்விதழிலும் பார்த்ததில்லை. அதனால்தான் அது அப்படியே வெளிவரவில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது.

விதிப்படி கட்டுரை இரண்டு பேரிடம் போக வேண்டும். யார் எழுதியது என்று மதிப்பிடுபவருக்குத் தெரியக் கூடாது, யார் மதிப்பிட்டது என்று எழுதியவருக்குத் தெரியக் கூடாது. உடும்பார் கட்டுரையிலிருந்து கொண்டையன் பெயரைச் சுரண்டி எடுத்தார். காட்டிலேயே அலகால் கொத்தி எழுதுகிறவன் அவன் ஒருவன்தான் என்பதைப் பற்றி விதியில் ஒன்றும் சொல்லப்படவில்லை.

முதல் பிரதி கிளியிடம் போனது. கிளி கட்டுரையின் சுருக்கத்தை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லி, கடைசியில் 'ஏற்கலாம்' என்று சேர்த்து அனுப்பிவிட்டது.

இரண்டாவது பிரதியை யாருக்கு அனுப்புவது என்று உடும்பார் நெடுநேரம் யோசித்தார். அவர் யோசனையில் வஞ்சகமே கிடையாது, அதைச் சொல்லியாக வேண்டும். இலுப்பை மரத்தின் உட்புறம் பற்றிய கட்டுரை. மரத்துக்கு உள்ளே போய்ப் பார்த்தவர்தானே மதிப்பிட முடியும்? அந்தக் காட்டில் இலுப்பை மரத்தின் உட்புறத்தை அங்குலம் அங்குலமாக அறிந்தவர் யார்? துறை வல்லுநர் என்றால் கறையானைவிட்டால் ஆளில்லை. அதோடு, எழுதியவர் யாரென்று பார்க்கக் கூடாது என்கிற விதி கறையான் விஷயத்தில் மீறப்படவே வாய்ப்பில்லை, அதற்குக் கண் கிடையாது. உடும்பார் நிம்மதியாகக் கட்டுரையை உள்ளே தள்ளினார்.

கட்டுரை திரும்பி வந்தபோது பாதிதான் இருந்தது. ஓரமெல்லாம் அரித்திருந்தது, மேலே ஈரமண் அப்பியிருந்தது. 'மூன்றாம் பத்தி தேவையற்றது, நீக்கப்பட்டது' என்று ஒரு குறிப்பு. மூன்றாம் பத்தி இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. மதிப்பீட்டாளர் யார் என்று கொண்டையனுக்குத் தெரியக் கூடாது என்பதால், அவனும் தெரியாத மாதிரி அதைப் படித்தான்.

'கட்டுரையாளரின் ஆர்வம் பாராட்டத்தக்கது. எனினும் சில திருத்தங்கள் தேவை. "தின்கிறது" என்ற சொல் அறிவியல் நடுநிலைக்கு ஏற்றதன்று, "உள்வாங்குகிறது" என மாற்றுக. மரம் விழும் என்கிறார். ஒரே ஒரு மரத்தை வைத்து, அதுவும் இன்னும் விழாத மரத்தை வைத்து, இப்படிச் சொல்வது அவசர முடிவு. மரம் விழுந்த பிறகு தரவுகளுடன் மீண்டும் அனுப்பலாம். இத்துறையின் முன்னோடி ஆய்வுகளைக் கட்டுரையாளர் கண்டுகொள்ளவே இல்லை. குறைந்தபட்சம் பின்வருவனவற்றையாவது மேற்கோள் காட்ட வேண்டும்.'

அதற்குக் கீழே ஒரு பட்டியல். எல்லாமே 'கறையான் மற்றும் பலர்' எழுதியவை.

கொண்டையன் அதைக் கூட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினான். பொன்முதுகாள் முட்டைகளின்மேல் இருந்தபடியே கேட்டாள்.

"ஏங்க, இவங்க சொல்றபடி எழுதினா அப்புறம் அதுல என்ன மிச்சம் இருக்கும்?"

"மரத்துக்குள்ள கறையான் இருக்குங்கிறதாவது இருக்குமில்ல. அது அச்சுல வந்தா அழுங்கண்ணன் வந்துடுவாரு."

"மரம் ராத்திரியெல்லாம் முனகுது. எனக்குப் பயமா இருக்கு."

"இந்த ஒரு திருத்தம்தான், குடுத்துடலாம்," என்றான் கொண்டையன். ஆய்விதழுக்கு எழுதிய எல்லோரும் ஒருமுறையாவது சொல்லியிருக்கும் வாக்கியம் அது.

அது ஒரு திருத்தத்தோடு நிற்கவில்லை. 'தின்கிறது' போய் 'உள்வாங்குகிறது' வந்தது. அடுத்த சுற்றில் அது 'இலகுவாக்குகிறது' ஆனது. 'வெறும் கூடு' என்பது 'காற்றோட்டமான அமைப்பு' ஆனது. 'மரம் விழும்' என்பது 'மரத்தின் நிலை மாறக்கூடும்' என்றாகி, பிறகு 'மரத்தின் நிலை' என்று நின்றது. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னதுதான். மறுக்கும் அளவுக்குப் பெரிதாக எதுவுமே வரவில்லை. மரங்கொத்தி முட்டை பொரிய இவ்வளவு காலம் ஆகுமா என்று பறவைகளைப் பற்றிப் படித்தவர்கள் கேட்பார்கள். மதிப்பீடு முடியும்வரை முட்டையும் காத்திருந்தது. கதையில் அந்த அளவுக்காவது ஒத்துழைப்பு வேண்டாமா?

கடைசியில் கட்டுரை ஏற்கப்பட்டது. தலைப்பு, 'இலுப்பை மரத்தின் உறுதிக்குக் கறையான்களின் பங்களிப்பு'. கீழே கொண்டையன் பெயர். அதைப் பார்த்தபோது அவனுக்கு அவமானமாக இருந்தது. தன் பெயர் அச்சில் வந்ததைப் பார்த்து ஓரமாகக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதற்காக இன்னும் அவமானமாக இருந்தது.

இதழை எடுத்துக்கொண்டு அழுங்கிடம் பறந்தான். அழுங்கு முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் வாடியது.

"தம்பி, இதுல கறையான் ரொம்ப நல்லவங்கன்னுல்ல போட்டிருக்கு."

"அண்ணே, அது திருத்தம் கேட்டுக் கேட்டு அப்படி ஆயிடுச்சு. நெசம் வேற."

"நெசம் வேறயா இருக்கலாம். ஆனா நெசம் எதுலயும் வரலையே. மரத்துக்கு உறுதி சேர்க்கிறவங்களை நான் தின்னா அந்த எறும்புக் கதைதான் திரும்ப நடக்கும்." அவர் இதழைத் திருப்பிக் கொடுத்தார். "மன்னிச்சுக்க தம்பி. எனக்கும் பசிக்கத்தான் செய்யுது."

கொண்டையன் கூட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தான். மேற்கே கருமேகம் கூடிக்கொண்டிருந்தது. கீழே என்னவோ ஒரே ஆரவாரமாக இருந்தது. எட்டிப் பார்த்தான். உடும்பார் புதிதாக ஒரு பலகை மாட்டிக்கொண்டிருந்தார்: 'இவ்வாண்டு மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வாளர்: கறையான் மற்றும் பலர். பொன்னாடை போர்த்தும் விழா, நாளை மாலை, மரத்தடியில்.'

"எல்லாம் நான் காட்டின மேற்கோள்," என்றான் கொண்டையன்.

பொன்முதுகாள் அந்தப் பலகையை மேலிருந்தே இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்தாள். "நீங்க முட்டை மேல உட்காருங்க. நான் போய் உடும்பாரைப் பார்த்துட்டு வர்றேன்."

"நீ போய் என்ன பேசப்போற?"

"நெறிமுறை பேசப்போறேன்," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.

உடும்பார் நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் ஒரு கணம் மேலே கூட்டுப் பக்கம் போய்த் திரும்பியது.

"ஐயா, கறையான் மற்றும் பலர்னு போட்டிருக்கீங்களே, அந்தப் பலர் யாரு?"

"கூட்டாசிரியருங்கம்மா. பேரையெல்லாம் எழுதினா பலகை பத்தாது."

"எல்லாரும் வேலை செஞ்சவங்கதானா? சும்மா இருந்தவங்க பேரும் உள்ள புகுந்திருந்தா?"

உடும்பாரின் கையிலிருந்த ஆணி கீழே விழுந்தது. வேலை செய்யாதவர் பெயரை ஆசிரியர் வரிசையில் சேர்ப்பது நெறிமுறைக் குற்றங்களிலேயே பெரியது. அது தன் இதழில், தன் மூக்குக்குக் கீழேயே நடந்திருக்குமோ என்ற நினைப்பே அவருக்குத் தாங்கவில்லை.

"இதுக்கு என்னம்மா பண்றது?"

"எல்லாரையும் நேர்ல வரச் சொல்லுங்க. மேடையில நின்னு, நான் இன்ன வேலை செஞ்சேன்னு ஒவ்வொருத்தரும் வாயால சொல்லட்டும். சொல்லச் சொல்ல எங்க வீட்டுக்காரர் விழா மலரா கொத்திக் குடுத்துடுவாரு. வராதவங்க பேரைப் பழைய கட்டுரையிலேருந்தும் எடுத்துடுங்க."

உடும்பார் விதியைக் கவ்வினார். கவ்வியபோது அவர் தாடை நெறிபட்ட சத்தம் அவளுக்கே கேட்டது.

"மலருக்கு மதிப்பீடு எதுவும் வேண்டாமா ஐயா?" என்று அவள் கேட்டு வைத்தாள்.

"ஆய்வாளர் தன் பங்களிப்பைத் தானே சொல்றதுக்கு மதிப்பீடு கிடையாது. அப்படியே போடலாம்."

"அப்புறம் சிறப்பு விருந்தினர்?"

"அதுதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். கறையான் துறையில உண்மையான ஈடுபாடு உள்ளவரா இருக்கணும்."

"ஒருத்தர் இருக்காரு," என்றாள் பொன்முதுகாள்.

உடும்பாரே நேரில் போய் அழுங்கை அழைத்தார். அழுங்கு நேர்மையானவர், மறைக்கவில்லை.

"ஐயா, எனக்குக் கறையான் மேல ஆசை இருக்கு. அதைச் சொல்லிடுறேன். நான் மேடையில உட்காரலாமா?"

"மறைச்சாதான் தப்பு. அறிவிச்சுட்டா நீங்க தாராளமா உட்காரலாம்," என்றார் உடும்பார்.

மறுநாள் மாலை மரத்தடியில் நல்ல கூட்டம். வாழைமரம் கட்டியிருந்தார்கள். தவளை மைக்கைத் தட்டித் தட்டிச் சோதித்தது. வரவேற்புரை ஆற்றிய கிளி அழைப்பிதழை முழுவதும் ஒப்பித்தது. பிறகு உடும்பார் எழுந்து, விதிப்படி, உரத்த குரலில் அறிவித்தார்:

"இன்றைய சிறப்பு விருந்தினருக்கு விருது பெறுபவர்கள்பால் நலமுரண் உண்டு. அவருக்குப் பசிக்கிறது. இது முறைப்படி அறிவிக்கப்படுகிறது."

கூட்டம் கைதட்டியது. விழாவில் மைக்கில் சொல்வதை யார் காதில் வாங்குகிறார்கள்? கறையான்களும் தட்டின. சிறப்பு விருந்தினர் யார் என்று பார்க்க அவற்றுக்குக் கண் இல்லை, கேட்க நேரமில்லை. வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று உள்ளே ஒரே தள்ளுமுள்ளாக இருந்தது.

முதல் கறையான் மேடைக்கு வந்தது. "வடக்கு வேரில் ஆறில் ஒரு பங்கை உள்வாங்கியது நான்," என்று அடக்கமாகச் சொன்னது. கொண்டையன் கொத்தினான். மனைவி கூட்டைப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்தது வந்தது. "வடக்கு வேரில் மீதி முழுக்க என்னுடையது. பட்டியலில் என் பெயர் முன்னால் வர வேண்டும்."

"வேரெல்லாம் ஒரு வேலையா?" என்றது மூன்றாவது. "நடுத்தண்டைத் தின்றது நான்." உள்வாங்கியது என்று சொல்ல அதற்குப் பொறுமை இல்லை.

அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒவ்வொன்றாக முட்டி மோதிக்கொண்டு மேலேறின. நான் வைரம் பாய்ந்த கட்டையைத் தின்றேன், நான் இரண்டு கிளையைத் தின்றேன், என்னால்தான் மரம் தொம் என்கிறது, நான் மட்டும் இல்லாவிட்டால் இந்த மரம் இன்னும் நூறு வருஷம் நிற்கும் என்று ஆளாளுக்குக் கத்தின. சும்மா இருந்தவர் பெயர் நீக்கப்படும் என்று உடும்பார் இடையிடையே நினைவூட்டினார். அதைக் கேட்டதும் சும்மா இருந்தவையும் தாங்கள் செய்யாததையெல்லாம் சேர்த்துச் சொல்லத் தொடங்கின. கடைசியில் ராணியையும் பல்லக்கில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இலுப்பைக் கொட்டையைவிடப் பெரிய உடம்பு. அவள் பிறந்து இதுவரை மரத்தைவிட்டு வெளியே வந்ததே இல்லை. பொன்னாடை என்றதும் வந்துவிட்டாள்.

"இந்த ஆசிரியர்கள் அத்தனை பேரையும் பெற்றது நான்," என்றாள் ராணி. "இந்த மரத்தை முடித்ததும் நான்தான். இன்னும் ஒரு காற்று போதும், விழுந்துவிடும். முதல் பெயர் எனக்கு."

கொண்டையன் கடைசி வரியையும் கொத்தி முடித்து, ஈரம் காயாத விழா மலரை அழுங்கிடம் நீட்டினான். அவர் அதை வாங்கிப் படித்தார். ஒரு பக்கம் படித்தார், மறுபக்கம் படித்தார்.

"இது இலுப்பை நிழல்லதான் வந்திருக்கா?"

"சிறப்பு மலர்ணே," என்றான் கொண்டையன்.

"எல்லாம் ஆய்வாளர் வாயாலயே சொன்னதா?"

"ஆமா," என்றார் உடும்பார். "நான் சாட்சி."

"மாற்றுக் கருத்து எதுவும் இருக்கா?" என்று அழுங்கு மேடையைப் பார்த்துக் கேட்டார். ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஒவ்வொருவரும் தான்தான் அதிகம் தின்றதாக இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். அழுங்கின் கண் கலங்கியது. போன வருஷத்திலிருந்து அடக்கி வைத்திருந்த நாக்கை அவர் முழுவதுமாக நீட்டினார்.

நன்றியுரைக்கு எழுந்த தவளை, யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது. பொன்னாடையை வீணாக்கக் கூடாது என்று அழுங்குக்கே போர்த்தினார்கள். குழுப் புகைப்படமும் எடுத்தார்கள், அதில் நிறைய இடம் காலியாக இருந்தது.

சில நாளில் ஆடிக்காற்று வந்தது. மரம் ஆடியது, முனகியது, ஒரு கிளையை உதிர்த்தது. தெற்குப் பக்கம் கறையான் இன்னும் போய்ச் சேராத பகுதி கெட்டியாக இருந்ததால் மரம் நின்றுவிட்டது. காற்று ஓய்ந்த காலையில் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் இறகில்லாமல், அழகே இல்லாமல், வாயைப் பிளந்துகொண்டு கத்தின. கொண்டையன் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

மனம் லேசானதும் கொண்டையனுக்கு அந்தக் கட்டுரை நினைவுக்கு வந்தது. உடும்பாரிடம் போனான்.

"ஐயா, என் கட்டுரையைத் திரும்பப் பெறணும். அதுல இருக்கிறது பொய். கறையான் மரத்துக்கு உறுதி சேர்க்குதுன்னு என் பேர்ல போட்டிருக்கு."

உடும்பார் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "கறையான் இருக்கிற மரம் உறுதியா நிக்கும்னு எழுதியிருந்தீங்க. அவ்வளவு காத்து அடிச்சுது, மரம் நிக்குது. உங்க முடிவு நிரூபணம் ஆயிடுச்சு தம்பி. இதைப் போய் எப்படித் திரும்பப் பெறுறது?"

கொண்டையன் குஞ்சுகளுக்கு இரை தேடப் போனான்.

அந்தக் கட்டுரை இன்றைக்கும் இருக்கிறது. இலுப்பை மரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் புகழால் கொண்டையனைக் கறையான் துறைக்கு மதிப்பீட்டாளராகவும் போட்டுவிட்டார்கள். அடுத்த மழைக்குப் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. பெயர் சுரண்டப்பட்டிருந்தது, ஓரம் அரித்திருந்தது. இந்த இலுப்பை மரத்தை மேலும் உறுதியாக்கத் தங்கள் கூட்டம் குடிவரத் தயாராக இருக்கிறது என்றும், அதன் நன்மைகளுக்குக் கொண்டையன் கட்டுரையே ஆதாரம் என்றும் அதில் எழுதியிருந்தது.

கொண்டையன் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. கீழே இப்படிக் கொத்தி அனுப்பினான்: 'மிகச் சிறந்த கட்டுரை. ஏற்கலாம். எனக்கு இக்கட்டுரையாளர்மீது நலமுரண் உண்டு, அதை இத்துடன் அறிவிக்கிறேன். ஆசிரியர்கள் அனைவரும் குடும்பத்துடன் நேரில் வரவும்.' பிறகு பறந்துபோய் அழுங்கிடம், பொன்னாடையைத் துவைத்து வைத்திருக்கும்படி சொல்லிவிட்டு வந்தான்.

நீதி: யாரை வேண்டுமானாலும் தின்னலாம். முன்கூட்டியே அறிவித்துவிட்டால் போதும்.